சோளகக் காற்றில் தக்காளியும் கோழியும்

கேள்வி (பரந்தன்):
வணக்கம். கால் ஏக்கரில் தக்காளியும் கத்தரியும் வெண்டியும் நட்டிருக்கிறேன்; 20 ஊர்க்கோழிகளும் 4 ஆடுகளும் உண்டு. சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்கியதிலிருந்து தக்காளிப் பூக்கள் உதிர்கின்றன, நண்பகலில் கோழிகள் வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன, கிணற்று நீரும் நாளுக்கு நாள் இறங்குகிறது. எதை முதலில் கவனிப்பது?

பதில் (முல்லைத்தீவு):
தம்பி, கோழிகளை முதலில் கவனியுங்கள். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லாததால் அது மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கிறது. ஆகவே தகரக் கூரையின் மேல் கிடுகு (பின்னிய தென்னோலை) வேய்ந்து, மண்சட்டியில் நீரை நிழலில் வைத்து, தீனியை விடியற்காலையிலும் மாலையிலும் மட்டும் கொடுங்கள். சென்ற ஆண்டு ஒரு நண்பகல் தண்ணீர் வைக்கத் தவறியதால் 3 பேடுகளை இழந்தேன். அந்தக் கவலை இன்னும் ஆறவில்லை.

பதில் (நெடுங்கேணி):
அக்கா சொன்னது சரி. இரவிலும் வெக்கை தணியாவிட்டால் தக்காளிப் பூவில் காய் பிடிக்காது. அதற்கு மருந்தடித்துப் பயனில்லை. தக்காளிக்கு ஊற்றும் நீரைக் கத்தரிக்கும் வெண்டிக்கும் மாலையில் ஊற்றி, அடியில் வைக்கோல் பரப்புங்கள். மாரி தொடங்கியதும் தென்மேற்கு வேலியில் கிளிசரியா மரக் கதியால் (நட்டால் துளிர்க்கும் வேலித் தடி) நடுங்கள். காற்றும் தடைப்படும், ஆட்டுக்குக் குழையும் கிடைக்கும். குழையைச் சற்று வாடவிட்டுக் கொடுத்தால் ஆடு விரும்பித் தின்னும்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்றே கிடுகு வாங்குகிறேன். தக்காளியை முழுதாகக் கைவிட மனம் வரவில்லை. முருங்கை நிழலில் நிற்கும் ஒரு வரிசைக்கு மட்டும் நீர் ஊற்றுவேன்.