சதுரத் திரையிலிருந்து அகலத் திரைக்கு மாறியிருக்கிறேன்: பார்வைக்கோணத்தையும் திரை விகிதத்தையும் எப்படி வைப்பது?

தலவாக்கலைத் தம்பி:

அனைவருக்கும் வணக்கம். தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் வசிக்கிறேன். இவ்வளவு காலமும் 1280×1024 படப்புள்ளிகள் கொண்ட பழைய 19 அங்குல மொனிட்டரில்தான் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஆடினேன். உயர்தரப் பரீட்சை முடிந்ததற்காகக் கொழும்பிலுள்ள சித்தப்பா 24 அங்குல 1920×1080 மொனிட்டரொன்றை வாங்கி அனுப்பியிருக்கிறார். மாற்றியது முதல் மூன்று விடயங்கள் குழப்புகின்றன. அதே வகை விளையாட்டான ஏபெக்ஸ் லெஜண்ட்ஸில் நண்பனொருவன் சொன்னபடி பார்வைக்கோணத்தை (விளையாட்டுக் காட்சி எத்தனை பாகைக்கு விரிந்து தெரிகிறது என்பதை) 110 ஆக வைத்தேன். தூரத்தில் நிற்கும் எதிராளி எறும்பைப் போலத் தெரிகிறான். கவுண்டர் ஸ்ட்ரைக்கில் எஃப்.பி.எஸ். (ஒரு நொடியில் திரையில் வரையப்படும் படங்களின் எண்ணிக்கை) வெகுவாகக் குறைந்துவிட்டது. அதற்கு 4:3 விகிதத்தை (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு) முழுத்திரைக்கு இழுத்து வைக்கும்படியும், தொழில்முறை வீரர்கள் பலர் அப்படித்தான் ஆடுகிறார்கள் என்றும் கூறுகிறார்கள். அப்படிச் செய்வதென்றால் புதிய மொனிட்டர் எதற்கு என்று மனம் கேட்கிறது. விளக்கம் தெரிந்த அண்ணாமார், அக்காமார் உதவுவீர்களா?

நானுஓயாக்காரன்:

தம்பி, முதலில் ஓர் அடிமட்டத்தை எடுத்து இரண்டு மொனிட்டர்களின் உயரத்தையும் அளந்து பாருங்கள். இரண்டுமே ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர்தான் இருக்கும். அகலம் மட்டும் சுமார் 38 இலிருந்து 53 ஆகக் கூடியிருக்கும். கவுண்டர் ஸ்ட்ரைக் மேல்-கீழ்க் கோணத்தை ஏறத்தாழ 74 பாகையில் நிலையாக வைத்துக்கொண்டு, திரையின் விகிதத்துக்கு ஏற்பப் பக்கவாட்டுக் கோணத்தை மட்டும் மாற்றுகிறது. உங்கள் பழைய 5:4 திரையில் உங்களுக்கு 86 பாகை அளவில் கிடைத்தது, 4:3 இல் 90, புதிய திரையின் 16:9 இல் 106. ஆகவே கவுண்டர் ஸ்ட்ரைக்கில் நடுத்திரையில் நிற்கும் எதிராளி பழைய மொனிட்டரில் இருந்த அதே உயரத்தில்தான் இப்போதும் நிற்கிறான். நீங்கள் எதையும் இழக்கவில்லை, இரு புறமும் பத்துப் பத்துப் பாகை கூடுதலாகப் பெற்றிருக்கிறீர்கள்.

ஏபெக்ஸின் கதை வேறு. அங்கே கோணத்தை 70 முதல் 110 வரை நாமே நகர்த்தலாம். அகலமான கோணத்தை அதே கண்ணாடிக்குள் அடைக்கும்போது நடுவிலுள்ளவை சுருங்கத்தான் வேண்டும். 90 இலிருந்து 110 க்குப் போனால் நடுவில் நிற்கும் உருவம் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு சிறுத்துவிடும். உங்கள் கண்ணில் பிழையில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு விளையாட்டில் கண்ட எண்ணை அப்படியே இன்னொன்றில் இடக்கூடாது. ரெயின்போ சிக்ஸ் சீஜில் 60 முதல் 90 வரை தெரியும் எண் மேல்-கீழ்க் கோணம். அங்கே 90 என்றால் 16:9 திரையில் பக்கவாட்டில் 121 பாகை. கவுண்டர் ஸ்ட்ரைக்கின் 90 என்பதோ 4:3 இல் அளந்த பக்கவாட்டுக் கோணம். வாலரண்டில் 103 என்று நிலையாகவே வைத்துவிட்டார்கள், மாற்ற வழியில்லை. நண்பர் "110 வை" என்று சொன்னால், எந்த விளையாட்டில், எப்படி அளந்த 110 என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நாம் உட்காரும் தூரத்துக்கும் இதில் பங்கு உண்டு. பதுளை ரயிலில் யன்னலோடு முகத்தை ஒட்டிப் பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் விரியும், எதிர்ப்புற இருக்கையிலிருந்து பார்த்தால் ஒரு துண்டுதான் தெரியும் அல்லவா? 60 சென்ரிமீற்றர் தள்ளியிருந்து பார்த்தால் உங்கள் புதிய திரை கண்ணுக்கு 48 பாகைதான். அதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட பாகையை அடைக்கிறோம். மொனிட்டரைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்து வைத்தாலே எறும்பு சற்றுப் பெருக்கும்.

பண்டாரவளை அக்கா:

இழுத்து வைக்கும் 4:3 பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு வருடம் அதில் ஆடிவிட்டுத்தான் 16:9 க்குத் திரும்பினேன். உருவம் மூன்றில் ஒரு பங்கு அகலமாகத் தெரியும், உண்மைதான். ஆனால் அதே உருவம் குறுக்கே ஓடும்போது திரையில் அதே அளவு வேகமாகவும் ஓடும். அவனைச் சுட உங்கள் கை மவுஸைத் திருப்ப வேண்டிய அளவும் மாறுவதில்லை, ஏனெனில் விளையாட்டுக்குள் அவன் பருமன் கூடவில்லை. பக்கத்துக்கு எட்டுப் பாகை வெட்டுப்பட்டுவிடுகிறது. கவுண்டர் ஸ்ட்ரைக்கின் டஸ்ட் 2 என்ற களத்தில் நீண்ட பாதையின் கதவால் வெளியேறி எதிரே குறிவைத்துக்கொண்டிருந்தபோது, ஓரத்தில் ஒட்டிநின்றவனை நான் பார்க்கவே இல்லை. அந்த ஆட்டத்தின் பதிவை 16:9 இல் மீண்டும் ஓட்டிப் பார்த்தேன், அவனுடைய தோளும் துப்பாக்கியும் திரையின் விளிம்பில் தெளிவாகத் தெரிந்தன. அன்றைக்கே மாற்றிவிட்டேன்.

உங்கள் எஃப்.பி.எஸ். குறைந்ததற்குக் காரணம் விகிதம் அல்ல, படப்புள்ளிகளின் எண்ணிக்கை. பழைய திரையில் சுமார் 13 இலட்சம் புள்ளிகள், புதியதில் 20 இலட்சத்து 73 ஆயிரம். அதே பழைய கணினி ஒன்றரை மடங்குக்கும் மேல் வேலை செய்கிறது. 1280×960 க்கு இறங்கினால் 12 இலட்சத்துக்கு வரும், அதனால்தான் பழைய வேகம் திரும்பியதாகப் பலர் சொல்கிறார்கள். ஆனால் 1600×900 வைத்தால் 14 இலட்சத்து 40 ஆயிரம்தான். அகலமும் கைவிட்டுப் போகாது. படம் சற்று மங்கலாக இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஏபெக்ஸில் கோணத்தைக் குறைத்தால் வரைய வேண்டிய பொருட்களும் குறைவதால் அங்கும் கொஞ்சம் இலகுவாகும்.

தொழில்முறை வீரர்களில் பலர் 4:3 இல் பல ஆண்டுகள் ஆடிப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் அவர்களுக்குச் சொத்து. 5:4 இலிருந்து வரும் உங்களுக்கு 16:9 உம் புதிது, இழுத்த 4:3 உம் புதிது. எப்படியும் ஒன்றைப் புதிதாகப் பழகத்தான் வேண்டுமென்றால், கூடுதலாகக் காட்டுவதைப் பழகுங்கள் என்பதே என் எண்ணம்.

தலவாக்கலைத் தம்பி:

அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. அம்மாவின் தையல் நாடாவால் அளந்தேன். உயரத்தில் இரண்டு மில்லிமீற்றர்தான் வித்தியாசம்! கவுண்டர் ஸ்ட்ரைக்கை 1600×900 இல் வைத்து நேற்று மாலை மழை விடும்வரை ஆடினேன், புகைக்குண்டு விழும் இடத்தில் மட்டும் இன்னும் தடுமாறுகிறது. ஏபெக்ஸில் 110 இலிருந்து 96 க்கு இறக்கினேன். தூரத்து ஆள் இப்போது ஆளாகத் தெரிகிறான், ஆனால் கிட்டே வந்து சுற்றிச் சுற்றி ஓடுபவனை விட்டுவிடுகிறேன். திரும்பவும் கூட்டவா?

நானுஓயாக்காரன்:

இன்றைக்கே கூட்ட வேண்டாம். ஒரு கிழமை 96 இலேயே விட்டுவிட்டு, ஒவ்வொரு முறை சாகும்போதும் கொன்றவன் தூரத்தில் நின்றானா, திரைக்கு வெளியே நின்றானா என்று ஒரு கொப்பியில் கோடு போட்டு வாருங்கள். வெளியே நின்றவர்கள் கூடுதலாக இருந்தால் 102 அளவுக்கு ஏற்றலாம். புகைக்குண்டுக்கு விகிதத்தைத் தொடாதீர்கள்; நிழலின் தரத்தையும் துகள்களின் தரத்தையும் குறைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.