புதுப்பிப்பு: தூத்துக்குடியில் ஷிப்பிங் பில் ஏற்கப்படாத சிக்கல் தீர்ந்தது

தென்னை நார்க்கழிவுக் கட்டிகள் ஏற்றிய எங்கள் கண்டெய்னருக்கு ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்காகச் சுங்கத் துறையிடம் தாக்கல் செய்யும் ஆவணம்) தாக்கலாகவில்லை என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று சரக்கு கப்பலேறிவிட்டது.

காரணம் ஏ.டி. கோடுதான், அதாவது அந்நியச் செலாவணி கையாளும் நம் வங்கிக் கிளையின் குறியீட்டு எண். அதைச் சென்னையில் பதிந்திருந்தோம், அதுவே போதும் என்று நினைத்துவிட்டேன். துறைமுகத்துக்குத் துறைமுகம் தனியாகப் பதிய வேண்டும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அதுவே சரியான பதில். ஏ.டி. கோடு குறித்த வங்கிக் கடிதத்தைச் சுங்கத் துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் ஏற்றி, இடமாகத் தூத்துக்குடியைத் தேர்ந்தெடுத்தோம்.

எதிர்பாராதது ஒன்று: முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. வங்கிக் கடிதத்தில் நிறுவனப் பெயர் ‘அன் கோ’ என்று சுருங்கியிருந்தது, ஐ.இ.சி. (ஏற்றுமதி இறக்குமதிக்கான அடையாள எண்) பதிவில் ‘அண்ட் கம்பெனி’ என்று முழுதாக இருக்கிறது. இந்தச் சிறு வேறுபாட்டுக்காக இரண்டு நாள் போயிற்று. கடிதம் கையில் வந்ததும் ஐ.இ.சி. நகலைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

ஏ.டி. கோடு பதிவுக்கு அனுமதி கிடைத்த அன்றே ஷிப்பிங் பில் எண் வந்தது. ஆவணச் சரிபார்ப்பு முடிந்து, ஏற்றுமதி அனுமதி உத்தரவு மறுநாள் மாலை கிடைத்தது. டிராபேக் தொகை (ஏற்றுமதியாளருக்குத் திருப்பித் தரப்படும் வரி) வந்து சேரும் வங்கிக் கணக்குக்குத் தனிப் பதிவு உண்டு, அதையும் மறந்துவிடாதீர்கள்.