தை மாசம் கல்யாணம்: முடிச்சவங்க எதை நினைச்சு வருத்தப்படுறீங்க? (சுங்கை சிப்புட், மலேசியா)

தோட்டத்துப்பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். வர்ற தை மாசம் எனக்குக் கல்யாணம். வீடு சுங்கை சிப்புட் பக்கம், வேலை ஈப்போவுல. மாப்பிள்ளை சுங்கைப் பட்டாணி. காலையில கோயில்ல தாலி, அன்னிக்கு ராத்திரியே மண்டபத்துல விருந்துன்னு பேச்சு. அப்பா எழுதின லிஸ்ட் 800 பேரைத் தாண்டிருச்சு. ரப்பர் தோட்டத்துல கூட இருந்த ஒரு குடும்பத்தையும் விடக்கூடாதுங்கிறார். எங்க ரெண்டு பேர் கையிலயும் சேர்த்து 30,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கு. மிச்சத்துக்கு ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) மூணாவது கணக்கு, அதான் எப்ப வேணும்னாலும் எடுக்கக்கூடிய கணக்கு, பத்தலேன்னா பேங்க் லோன்னு மாப்பிள்ளை சொல்றார். ரிஜிஸ்டரை (சட்டப்படி கல்யாணப் பதிவை) அப்புறம் பாத்துக்கலாம்னு மாமியார் வீட்டுல சொல்றாங்க. கல்யாணம் முடிச்சவங்க சொல்லுங்க, எதை வேற மாதிரி செஞ்சிருக்கலாம்னு தோணுது?

கங்சார்_தம்பி

லோன் மட்டும் வேண்டாம் அக்கா. எங்க அண்ணன் கல்யாணத்துக்கு வாங்கின கடனை, மூத்த பையன் தமிழ்ப்பள்ளிக்குப் போன பிறகும் கட்டிக்கிட்டிருந்தார்.

ஈபிஎஃப் மூணாவது கணக்கையும் நம்பாதீங்க. எனக்குச் சம்பளக் கணக்குப் பாக்குற வேலை, அதனால சொல்றேன். அந்தக் கணக்கு 2024 மே 11-லதான் வந்துச்சு. மாசாமாசம் போற சந்தாவுல 10 விழுக்காடுதான் அதுல விழும். 2,500 வெள்ளி சம்பளம்னா உங்க 11 விழுக்காடும் முதலாளியோட 13 விழுக்காடும் சேர்ந்து 600 வெள்ளி. அதுல 60 வெள்ளிதான் மூணாவது கணக்குக்கு. ஒரு வருஷம் முழுசாச் சேர்ந்தாலும் 720. பூ அலங்காரத்துக்கே பத்தாது.

மண்டபத்துச்சாவி

தங்கச்சி, நான் இந்த டவுன்ல ஒரு கோயில் மண்டபத்தைப் பாத்துக்குறவ. விருந்து முடிஞ்சு சாவி வாங்கப் போறப்ப பொண்ணு மாப்பிள்ளை என்கிட்ட என்ன பேசுறாங்கன்னு எனக்குத்தான் தெரியும். மேடை சின்னதாப் போச்சு, பூ வாடிப்போச்சுன்னு யாரும் அழுததில்ல. "ஆயா வந்தாங்களாமே, நான் பாக்கவே இல்லையே"ன்னுதான் அழுவாங்க.

ஏன் அப்படி ஆவுதுன்னு சொல்றேன். கார்டுல ராத்திரி 7 மணின்னு போட்டிருக்கும். பழைய தோட்டத்து ஆளுங்க ஆறே முக்காலுக்கே வந்து உக்காந்துருவாங்க. யாரோ ஒருத்தர் வேன்ல பத்துப் பேரா வருவாங்க, வேன்காரர் கிளம்பினா அவங்களும் கிளம்பணும். பொண்ணு மேக்கப் முடிஞ்சு, வெளியில போட்டோ புடிச்சு, உறுமி மேளத்தோட உள்ள வர ஒன்பதரை ஆயிடும். அதுக்குள்ள அவங்க சாப்பிட்டு, மொய்க் கவரை அப்பா கையில குடுத்துட்டுப் போயிருப்பாங்க. உன்னைத் தூக்கி வளத்த கையி, உன் தலைமேல அட்சதை போடாமயே வீட்டுக்குப் போயிருக்கும். எனக்கு அதைப் பாக்குறப்பல்லாம் வயிறு எரியும்.

அப்பா ஆசைப்படுறது தப்பே இல்ல. ரப்பர் போயி செம்பனை வந்து, லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டு எல்லாரும் ஒவ்வொரு தாமானுக்கு (குடியிருப்புக்கு) சிதறிப் போனாங்க. இப்ப அந்தக் குடும்பங்க ஒண்ணாக் கூடுறது கல்யாணத்துலயும் கருமாதியிலயும்தான். யாரையும் லிஸ்ட்லேருந்து வெட்டாத. ஆளை மாத்தாம நேரத்தை மாத்து. தோட்டத்து ஆளுங்க எல்லாரையும் காலையில தாலி கட்டுறதுக்குக் கூப்பிடு. முகூர்த்தம் முடிஞ்சதும் கோயில்லயே வாழை இலை போட்டு மரக்கறிச் சாப்பாடு. சாம்பாரு, ரெண்டு கூட்டு, பாயசம், அப்பளம் போதும். பந்தியில நீயும் மாப்பிள்ளையும் வரிசை வரிசையாப் போயி நின்னு பேசுங்க. ராத்திரி விருந்தை நெருங்கின சொந்தம், வேலை செய்யிற இடத்து ஆளுங்கன்னு 250-க்குள்ள வச்சுக்கோ. ராத்திரிச் சாப்பாடு தலைக்கு 30 வெள்ளின்னே வச்சாலும் 800 பேருக்கு 24,000 ஆச்சு. உங்க கையில இருக்குறதுல பெரும்பகுதி அதோட போச்சு. 250 பேருன்னா 7,500.

தை மாசம்ங்கிறதால இன்னொண்ணு. தைப்பூசத்துக்கு முன்னால பாதி டவுன் விரதம். ஈப்போ கல்லுமலைக்குக் காவடி எடுக்குறவங்க, பத்துமலைக்குப் போறவங்க எல்லாம் கறி தொட மாட்டாங்க. ஆட்டுக்கறிக்கு ஆர்டர் குடுத்துட்டு, மரக்கறிப் பக்கம் பத்து மணிக்கே காலியாகி ஆளுங்க வெறும் சோறோட நின்னதை நான் பாத்திருக்கேன். தேதி பூசத்துக்கு முன்னாலன்னா மரக்கறியைப் பாதிக்கு மேலயே சொல்லிரு.

ரிஜிஸ்டரைத் தள்ளவே தள்ளாத. மாமியார் வீட்டுல பக்குவமாச் சொல்லு, ஆனா விட்டுக்குடுக்காத. 1976-ஆம் வருஷத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1-ல நடப்புக்கு வந்துச்சு. அதுலேருந்து முஸ்லிம் அல்லாதவங்க கல்யாணத்தைப் பதியணும். தாலி கட்டிட்டு "அடுத்த மாசம், அடுத்த மாசம்"னு விட்டவங்க, பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்குறப்ப அப்பா பேருக்கு அலையிறாங்க. அம்மா வெளிநாட்டுக்காரங்களா இருந்துட்டா பிள்ளையோட குடியுரிமையே சிக்கலாயிடும். வழி சுலபம்தான். ரெண்டு பேரும் ஜேபிஎன்ல (தேசியப் பதிவிலாகாவுல) மனு குடுத்தா 21 நாள் அறிவிப்பு ஒட்டுவாங்க. ஆறு மாசத்துக்குள்ள பதிவை முடிச்சிரணும். சில கோயில்கள்ல துணைப் பதிவதிகாரி இருக்கார். உன் கோயில்ல இருந்தா தாலி கட்டின கையோட அங்கயே கையெழுத்துப் போட்டுறலாம், சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும்.

போட்டோகிராஃபர்கிட்ட யார் யாரைக் கட்டாயம் எடுக்கணும்னு எழுதிக் குடு. உன் சித்தப்பா யாருன்னு அவருக்கு எப்படித் தெரியும்?

மேக்கப்_ரோஸ்

டெபாசிட் பத்தி யாரும் சொல்லல, அதனால நான் சொல்றேன். வாட்ஸ்அப்ல "ஓகே டியர்"னு வந்தா அது ரசீது ஆகாது. நானே மேக்கப் தொழில்ல இருக்கேன், என் கஸ்டமர்கிட்டயும் இதையேதான் சொல்வேன். தேதி, எத்தனை மணிக்கு வருவாங்க, தேதி மாறினா காசு என்னாகும், மூணையும் எழுதி வாங்குங்க. காசை வாங்கிட்டு ஆள் வரலேன்னா பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கு. 50,000 வெள்ளி வரைக்கும் வழக்குப் போடலாம், கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்ல. ஆனா கையில எழுத்து இருந்தாத்தான் பேச முடியும்.

தோட்டத்துப்பொண்ணு

ரொம்ப நன்றி. சாவி அக்கா, நீங்க எழுதினதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன், அம்மா கண்ணு கலங்கிட்டாங்க. ஆனா அப்பா ஒத்துக்கல. "காலையில மட்டும் கூப்பிட்டா, நம்மள ரெண்டாந்தரமா வச்சுட்டான்னு பேசுவாங்க"ங்கிறார். இதுக்கு என்ன செய்யிறது?

மண்டபத்துச்சாவி

அப்பா பயம் நியாயம்தான். அதுக்கு மருந்து, கூப்பிடுற விதத்துல இருக்கு. அந்தக் குடும்பங்களுக்கு வாட்ஸ்அப்ல கார்டு அனுப்பாத. அப்பாவும் அம்மாவும் வெத்தலை பாக்கு, பழம், குங்குமம் வச்ச தட்டோட வீடு வீடாப் போகட்டும். "தாலி கட்டுறப்ப நீங்க முன்னால நிக்கணும்"னு வாயாலச் சொல்லட்டும். அப்படிக் கூப்பிட்டா ராத்திரி விருந்தைப் பத்தி அவங்க கேக்கவே மாட்டாங்க, வயசானவங்களுக்குப் பகல்தான் சௌகரியம். கார்டுலயும் முகூர்த்தத்தையும் மதிய விருந்தையும் பெருசாப் போடு. வயசுல மூத்த நாலு பேரைத் தாலியைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணச் சொல்லி முன்கூட்டியே கேட்டு வை. சமையலுக்கும் தோட்டத்துப் பெரியம்மாங்க யாராவது காய் நறுக்க வந்தா வேண்டாம்னு சொல்லாத.

தோட்டத்து ஆளுங்க காலையில வர்ற வேனுக்கு மட்டும் உன் செலவுல ஏற்பாடு பண்ணு. ராத்திரி கூட்டத்தைக் குறைச்சு மிஞ்சின காசுல அது அடங்கிரும். சாமி கும்பிட்டுட்டு இந்தத் திங்கட்கிழமையே ஜேபிஎன்க்குப் போ, ரெண்டு பேரோட ஐசியும் (அடையாள அட்டையும்) எடுத்துக்கோ. மனுவுல ஏதாவது புரியலேன்னா இங்கயே கேளு, நான் பாக்குறேன்.