புதுப்பிப்பு: பழைய எச்61 போர்டுக்கு ரேம் 8 ஜிபி 1333-ஆ, 4 ஜிபி 1600-ஆ?

களியக்காவிளை டிடிபி கடை (கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கும் கடை) கம்ப்யூட்டருக்குக் கூடுதல் ரேம் 8 ஜிபி 1333 வாங்குவதா, 4 ஜிபி 1600 வாங்குவதா என்று கேட்டிருந்தேன்; 1333, 1600 என்பவை ரேமின் வேகம். இன்டெல் ஐ5-2400 பிராசசர், எச்61 மதர்போர்டு, ரேம் மாட்ட இரண்டே ஸ்லாட், ஒன்றில் 4 ஜிபி டிடிஆர்3 (ரேம் வகை) 1333. இன்னொன்றில் 8 ஜிபி 1333 போட்டாச்சு. மொத்தம் 12.

1600-க்குக் கூடுதல் காசு வீண்தான். இந்த பிராசசரின் மெமரி கன்ட்ரோலர் (ரேமை இயக்கும் பகுதி) 1333-க்கு மேல் போகாது; 1600 ரேம் ஸ்டிக்கும் 1333-லேயே ஓடும். இரண்டாவது ஸ்லாட்டை நிரப்பியதே பெரிய லாபம்: ஒற்றைச் சேனலில், அதாவது ரேமுக்கு ஒரே பாதையில், விநாடிக்கு 10.6 ஜிபி போகும்; இரட்டையில் 21.3. 4+8 என்று சமமில்லாமல் இருந்தாலும் முதல் 8 ஜிபி இரட்டைச் சேனலில்தான் ஓடும், மிச்சம் 4 ஒற்றையில்.

மலையாளம், தமிழ் இரண்டு ஃபைலும் போட்டோஷாப்பும் குரோமும் சேர்ந்து திறந்தால் 4 ஜிபி நிரம்பி, விண்டோஸ் ஹார்டு டிஸ்க்கைக் கடன் கேட்கும். ரேமில் நானோசெகண்டில் முடிகிற வேலைக்கு அங்கே மில்லிசெகண்ட் ஆகும். அப்போது ரேம் எவ்வளவு வேகமாக இருந்து என்ன?

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. மலிவான 8 ஜிபி ஸ்டிக்கில் 'ஏஎம்டி மட்டும்' என்று போட்டிருந்தால் தொடாதீர்கள். சிப் அமைப்பு வேறு, இன்டெல் போர்டில் பெரும்பாலும் கம்ப்யூட்டர் தொடங்கவே செய்யாது. 1.35 வோல்ட் டிடிஆர்3எல் ஸ்டிக் என்றால் பயமில்லை, சாதாரண டிடிஆர்3-இன் 1.5 வோல்ட்டிலும் ஓடும். 32 பிட் விண்டோஸ் என்றால் முதலில் அதை 64 ஆக்குங்கள், இல்லாவிட்டால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பயனில்லை.

மாட்டியதும் பீப் அடித்தால் பதறவேண்டாம். மழைக்காலத்தில் இந்தப் பக்கம் ஸ்டிக்கின் காண்டாக்ட்டில் (ஸ்லாட்டில் தொடும் உலோக முனைகளில்) அழுக்குப் படியும். பவர் கேபிளைக் கழற்றி, ஸ்டிக்கை எடுத்து அந்த முனைகளை பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, ஸ்லாட்டின் கிளிப் 'டக்' என்று விழும்வரை அழுத்துங்கள். பிறகு மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை ஒரு முழுச் சுற்று ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.