ஒரே வகைப் புழு, இரண்டு சாப்பாடு: ஒரு தட்டில் மட்டும் பச்சை ஏன் அணைந்தது?

வேளச்சேரி மாணவி:
எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக சி. எலிகன்ஸ் வளர்க்கிறேன். முழுசாக வளர்ந்தாலும் 1 மில்லிமீட்டர்தான் இருக்கும் புழு. ஏசிடிஎச்-1 என்ற மரபணு வேலை செய்தால் உடம்பு பச்சையாக ஒளிரும் வகை என்னிடம் இருக்கிறது. பாதித் தட்டுகளில் சாப்பாடாக வழக்கமான ஈ.கோலி ஓபி50 பாக்டீரியா, மீதியில் கோமமோனாஸ் என்ற வேறொரு பாக்டீரியா. முட்டைகள் எல்லாம் ஒரே தட்டிலிருந்து எடுத்தவை.

நேற்று சாயங்காலம் அறை விளக்கை அணைத்துவிட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். ஓபி50 தின்ற புழுக்களின் குடல் நெடுக நல்ல பச்சை. கோமமோனாஸ் தின்றவை நிழல் போலத்தான் நெளிகின்றன. ஆனால் இவற்றின் வயிற்றில் அதற்குள் முட்டை வரிசை கட்டி நிற்கிறது; அந்தப் பக்கம் ஒன்றுகூட இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை.

கோமமோனாஸில் சத்து அதிகமா? இல்லை, சூடு காரணமா? 20 டிகிரியில் வைத்திருந்தேன். நடுவில் 2 மணி நேரம் கரண்ட் இல்லை, வெளியே மே மாத வெயில். வாரக்கணக்கில் உழைத்தது வீணாகிவிடுமோ என்று தூக்கமே வரவில்லை.

தரமணி அக்கா:
பயப்படாதே மா. இரண்டும் ஒரே இன்குபேட்டரில்தானே இருந்தன? சூடு என்றால் இரண்டு பக்கமும் மாறியிருக்கும்.

காரணம் வைட்டமின் பி12. கோமமோனாஸ் அதை உண்டாக்கும், ஈ.கோலியால் அடிப்படையிலிருந்து உண்டாக்க முடியாது. அமெரிக்காவில் மரியன் வால்ஹவுட்டின் குழு 2014-இல் இதைக் காட்டியது. சில அமினோ அமிலங்கள் உடையும்போது புரொப்பியோனேட் என்ற பொருள் வரும், அது உடம்பில் சேர்ந்தால் விஷம். அதைக் கரைக்கும் வழக்கமான பாதைக்கு பி12 வேண்டும். இல்லாவிட்டால், அண்ணா சாலையை அடைத்ததும் வண்டிகளை உள்தெருவில் திருப்பிவிடுகிற மாதிரி, புழு வேறொரு பாதையைத் திறக்கும். அந்தப் பாதையில் வேலை செய்வதுதான் ஏசிடிஎச்-1. நீ பார்த்த பச்சை, உள்தெரு திறந்திருப்பதன் அடையாளம்.

சத்து அதிகம் என்பதும் சரியாக வராது. ஓபி50-யில் துளியூண்டு கோமமோனாஸ் கலந்தாலே பச்சை மங்கிவிடும். சீக்கிரம் வளர்வதற்கும் பி12தான் காரணம், ஆனால் அது மெத்தியோனின் சுழற்சி என்ற, உடம்பின் வேறொரு வேதிப் பாதை வழியாக. புரொப்பியோனேட் கணக்கு தனி. கோமமோனாஸ் தின்ற புழுக்களுக்கு ஆயுளும் குறையும். அதற்கு மட்டும் பி12 காரணமில்லை. ரிப்போர்ட்டில் இதையெல்லாம் ஒன்றாகக் கலந்து எழுதிவிடாதே.

பழைய லேப்காரன்:
சொன்னால் போதாது தங்கச்சி, செய்து பார்த்துவிடுங்கள். ஓபி50 தட்டுகளில் பாதிக்கு பி12 கரைசல், பாதிக்கு வெறும் தண்ணீர். பாட்டிலில் ஃபாயில் சுற்றுங்கள், பி12-க்கு வெளிச்சம் ஆகாது. தட்டில் ஊற்றும் அகார் ஜெல்லியில் பாக்டீரியாவுக்குச் சத்தாகப் போடும் பெப்டோன் எது என்றும் பாருங்கள். மாமிசத்திலிருந்து எடுத்ததில் பி12 கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரலாம். சோயா பெப்டோன் நல்லது.

வேளச்சேரி மாணவி:
அக்கா, அண்ணா, செய்துவிட்டேன்! சோயா பெப்டோன் மாற்றி, தட்டுக்கு எந்தப் பெயரும் எழுதாமல் எண் மட்டும் போட்டு, தோழியைவிட்டு எண்ணச் சொன்னேன். தண்ணீர்த் தட்டுகள் முன்னைவிடப் பளிச்சென்று பச்சை. பி12 தட்டுகள் ஏறக்குறைய இருட்டு, முட்டையும் முந்திக்கொண்டு வந்தது.

எங்கள் வீட்டில் சைவம். அம்மாவுக்குக் கால் மரத்துப்போய், போன மாதம்தான் பி12 ஊசி ஆரம்பித்தார்கள். அதனால் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்க மனசே வரவில்லை. மனித உடம்பிலும் புரொப்பியோனேட்டைக் கரைக்க இதே பி12தான் வேண்டுமா, அக்கா?

தரமணி அக்கா:
ஆமாம் மா, வழக்கமான அந்தப் பாதை நமக்கும் உண்டு. அதனால்தான் பி12 குறைந்தவர்கள் ரத்தத்தில், அந்தப் பாதையின் நடுவில் தேங்கும் மீத்தைல்மலோனிக் அமிலம் ஏறுகிறது; டாக்டர்கள் அதை அளந்தும் பார்ப்பார்கள். அம்மா ஊசியை நடுவில் விடாமல் போட்டுக்கொள்ளட்டும். அடுத்து, தட்டில் புரொப்பியோனேட்டையே சேர்த்து, பி12 இருந்தும் இல்லாமலும் எத்தனை புழு பிழைக்கிறது என்று எண்ணு.