மறு: புள்ளி விகாரமா, புள்ளித் திரிபா?

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

நாளை காலை ஹட்டனில் உயர்தர உயிரியல் வகுப்பு. டி.என்.ஏ.யில் ஓர் எழுத்து பிசகுவதை (point mutation) தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் நம் கேள்வி. குறிப்புத்தாள் இன்று மாலை போட்டோக்கொப்பிக்குப் போக வேண்டும்.

மதுரை ஐயா, 'விகாரம்' வடசொல், தொல்காப்பியர் வழியில் 'திரிபு' என்போம் என்கிறீர்கள். மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல் என்று நீங்கள் எடுத்துக்காட்டியது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் இவர்கள் கொரோனாக் காலத்தில் 'டெல்டா திரிபு' கேட்டு வளர்ந்த பிள்ளைகள். திரிபு என்றால் வைரசின் வகை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் பாடநூலில் விகாரம்தான். நன்னூலாரின் மூன்று விகாரங்களையும் தமிழ்ப் பாடத்தில் படித்துவிட்டார்கள்: வாழைப்பழத்தில் 'ப்' தோன்றுகிறது, பொற்குடத்தில் 'ன்' திரிகிறது, மரவேரில் 'ம்' கெடுகிறது. டி.என்.ஏ.யிலும் ஒரு மூலம், அதாவது அதன் ஓர் எழுத்து (base), நுழையலாம், மாறலாம், விழலாம். நுழைந்தாலும் விழுந்தாலும் மும்மூன்றாக வாசிக்கும் வரிசையே அதற்கப்பால் குலைந்துபோகும்.

சிக்கல் மாறுவதன் உள்வகைகளில்தான். போன கிழமை கரும்பலகையில் ஜி-ஏ-ஜி என்று எழுதினேன். மூன்றெழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்று கோத்துத்தான் புரதம் உருவாகிறது; இது குளுட்டமிக் அமிலத்துக்கு உரியது. கடைசி எழுத்தை ஏ ஆக்கினேன்: அப்போதும் குளுட்டமிக் அமிலம். நடு எழுத்தை டி ஆக்கினேன்: வலீன் என்ற வேறோர் அமினோ அமிலம். ஈமோகுளோபினின் பீட்டாச் சங்கிலியில் ஆறாம் இடத்தில் இது நடந்தால்தான், ஒட்சிசன் குறையும்போது செங்குழியம் அரிவாளாக வளைகிறது. "கவ்வாத்துக் கத்தி மாதிரியா மிஸ்?" என்றாள் ஒருத்தி. அதே வளைவுதான். முதல் எழுத்தை டி ஆக்கினால் டி-ஏ-ஜி, அதாவது 'நிறுத்து'. புரதம் அந்த இடத்திலேயே அறுந்துவிடும்.

அமிலம் மாறாத முதலாவது வகை 'மௌன விகாரம்', அதில் யாருக்கும் சண்டையில்லை. பண்டாரவளை அக்கா, மூன்றாவதைப் 'பொருளற்ற விகாரம்' என்கிறீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. 'நிறுத்து' என்பதும் ஒரு பொருள்தானே? 'நிறுத்த விகாரம்' என்றால் நடப்பதையே சொல்லிவிடும். இரண்டாவதற்குப் 'பொருள்மாறு விகாரம்' என்பேன். மலை மழையானால் பொருள் தொலைவதில்லை, வேறாகிறது.

ஐயா இதற்கு இசையமாட்டீர்கள் என்று தெரியும். தாளில் 'விகாரம்' என்று அச்சிட்டு, ஓரத்தில் 'திரிபு' என்றும் கையால் எழுதிவிடுகிறேன். அக்கா, 'பொருள்மாறு' காதுக்கு இடறுகிறதா என்று ஐந்து மணிக்குள் சொல்லுங்கள். கடையை ஆறு மணிக்கே பூட்டிவிடுவார்கள்.