ஜெபக்குறிப்பு நோட்டு முழுக்க 'எனக்கு'தான்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். கிருஷ்ணகிரியில் எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தை நடத்துகிறேன். பாதிப் பேருக்கு ஓசூர் கம்பெனிகளில் ஷிப்ட் வேலை. ஜெபக்குறிப்பு நோட்டைப் புரட்டினால் எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டும், எனக்கு வரன் அமைய வேண்டும், எனக்கு லோன் கிடைக்க வேண்டும். (என் குறிப்பும் அதே ரகம்தான், வீடு கட்டுவது.) வேதாகமத்தில் எபிரெயர் 5-ல் வருகிற பால், பலமான ஆகாரம் பற்றி, அதாவது விசுவாசத்தில் குழந்தையாகவே இருந்துவிடாமல் வளர வேண்டும் என்று, பேசிப் பார்த்தேன். தலையாட்டினார்கள், அப்புறமும் அதே குறிப்புகள்.

பவுல் காவலில் இருந்தபடி எழுதிய பிலிப்பியர் நிருபத்தில், தனக்கானதை மட்டுமல்ல, பிறருக்கானதையும் நோக்கச் சொல்லும் 2-ஆம் அதிகாரத்தை நான்கு வாரம் படிக்க யோசனை. ஆனால் படிப்போடு நின்றுவிடக் கூடாது. அரசு மருத்துவமனையில் துணைக்கு ஆளில்லாதவர்களைப் போய்ப் பார்ப்பது மாதிரி ஏதாவது செய்திருக்கிறீர்களா? ஷிப்டுக்கு நடுவே எப்படி நேரம் ஒதுக்கினீர்கள்? முக்கியமாக, யார் மனதையும் குத்தாமல் இதை எப்படி ஆரம்பிப்பது?